'எனக்குத் தெரியும்' என்று எப்போது சொல்லலாம்? அறிவு, மனம் பற்றிய தத்துவக் கோட்பாடுகள்

தமிழில் ஒரே ஓர் அசை, ஒரு செய்தியின் தகுதியையே மாற்றிவிடும். "மழை பெய்தது" என்பவர் தாம் கண்டதைச் சொல்கிறார். "மழை பெய்ததாம்" என்பவர் யாரோ சொன்னதைச் சொல்கிறார். அதற்குத் தாம் பொறுப்பல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். "மழை பெய்திருக்கும்" என்பவர் ஈரத் தரையைப் பார்த்து ஊகிக்கிறார். கண்டது, கேட்டது, ஊகித்தது என்று அறிவு வந்து சேரும் வழிகளை நம் பாட்டிமார்கள் எந்தத் தத்துவமும் படிக்காமலேயே பிரித்துப் பேசினார்கள்.

கைப்பேசியில் வந்து விழும் செய்திகளில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது. முதலில் அனுப்பியவர் 'நடந்ததாம்' என்று எழுதியிருப்பார். நான்கு குழுக்களைத் தாண்டுவதற்குள் அது 'நடந்தது' என்று ஆகிவிடும். குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக 2018-ல் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் இந்தியாவின் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கல்லெடுத்தவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு 'தெரியும்' என்றே எண்ணியிருப்பார்கள்.

ஆகவே, அறிவு என்றால் என்ன, அது எங்கிருந்து வருகிறது, அறிகின்ற மனம் என்பது என்ன என்னும் கேள்விகள் வகுப்பறைக்கு மட்டும் உரியவை அல்ல. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக அறிஞர்கள் இவற்றுக்குக் கொடுத்துவந்த முக்கியமான விடைகளை இக்கட்டுரை சுருக்கமாக அறிமுகப்படுத்துகிறது.

உண்மையான நம்பிக்கை மட்டும் அறிவாகுமா?

கிரேக்க அறிஞர் பிளேட்டோ, 'தியேட்டீட்டஸ்' என்ற உரையாடல் நூலில் இக்கேள்வியை எழுப்பினார். ஒரு வழக்கு நடக்கிறது. நீதி வழங்குவோர் யாரும் சம்பவத்தைப் பார்க்கவில்லை. திறமையான பேச்சாளர் ஒருவரின் வாதத்தில் மயங்கித் தீர்ப்பு சொல்கிறார்கள். தற்செயலாக அந்தத் தீர்ப்பு சரியாகவும் அமைந்துவிடுகிறது. அவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது என்கிறது அந்த நூல். சரியாக நம்புவது வேறு, அறிவது வேறு. சரியான நம்பிக்கையோடு அதற்குரிய விளக்கமும் சேர வேண்டும் என்ற கருத்து அங்கே முன்வைக்கப்படுகிறது. ஆனால் அந்த 'விளக்கம்' எது என்பதில் இறுதி முடிவு எட்டப்படாமலேயே நூல் முடிகிறது.

இதிலிருந்து பிற்காலத்தில் ஒரு வரையறை உருவானது. ஒருவர் ஒன்றை அறிந்திருக்கிறார் என்றால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: அவர் அதை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க ஆதாரம் அவரிடம் இருக்க வேண்டும்.

நீண்ட காலம் போதுமானதாகத் தோன்றிய இந்த வரையறையை, அமெரிக்க அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963-ல் வெளியிட்ட மூன்றே பக்கக் கட்டுரை ஆட்டம் காணச் செய்தது. அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது. ஒரு வேலைக்கு இருவர் விண்ணப்பிக்கிறார்கள். மற்றவருக்கே வேலை கிடைக்கும் என்பதற்கு முதலாமவரிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. அந்த மற்றவரின் சட்டைப்பையில் பத்து நாணயங்கள் இருப்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். எனவே, 'வேலை கிடைக்கப் போகிறவரின் பையில் பத்து நாணயங்கள் உள்ளன' என்று முடிவு செய்கிறார். கடைசியில் வேலை முதலாமவருக்கே கிடைக்கிறது. அவர் அறியாமலேயே அவருடைய பையிலும் சரியாகப் பத்து நாணயங்கள் இருந்தன! நம்பிக்கை இருந்தது, ஆதாரம் இருந்தது, முடிவும் உண்மையானது. ஆனாலும் அது அறிவு அல்ல, அதிர்ஷ்டம்.

இதே சிக்கலை 8-ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த அறிஞர் தர்மோத்தரர் கண்டிருந்தார். இறைச்சி சுடுவதற்காக இப்போதுதான் தீ மூட்டப்பட்டிருக்கிறது. புகை இன்னும் எழவில்லை. இறைச்சியின் வாடைக்கு மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர், அதைப் புகை என்று எண்ணி 'அங்கே தீ இருக்கிறது' என்கிறார். தீ இருப்பது உண்மைதான். ஆனால் அவருக்கு அது தெரியும் என்று சொல்ல முடியுமா?

விடை சரியாக இருந்தால் போதும், வந்த வழி எதுவாக இருந்தால் என்ன என்று எண்ணுபவர்களுக்கு இவ்வெடுத்துக்காட்டுகள் தரும் பாடம் முக்கியமானது. பத்து வதந்திகளைப் பரப்பியவர், அவற்றில் ஒன்று உண்மையாகிவிட்டதைக் காட்டி 'நான் அப்போதே சொன்னேனே' என்று பெருமை கொள்ள முடியாது.

அறிவு வரும் வழிகள்

அறிவைப் பெறும் வழியை வடமொழியில் 'பிரமாணம்' என்றும் தமிழில் 'அளவை' என்றும் அழைத்தார்கள். நியாயம் என்ற இந்தியத் தத்துவப் பிரிவு காட்சி, அனுமானம், ஒப்புமை, நம்பத்தக்கவரின் சொல் என்ற நான்கை ஏற்றது. மணிமேகலைக் காப்பியத்தில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் பகுதியில், அளவைவாதி ஒருவர் இவ்வழிகளைப் பட்டியலிட்டு விளக்குகிறார். ஒரு தரப்பின் வாதத்தை எடைபோடும் முன், அவர்கள் எந்த அளவைகளை ஏற்கிறார்கள் என்று கேட்பதே அக்கால வாதங்களின் முறை.

இஸ்லாமிய இறையியலிலும் இதை ஒத்த பகுப்பு உண்டு. ஹிஜ்ரி 537-ல் (கி.பி. 1142) மறைந்த உமர் அந்நஸஃபி எழுதிய புகழ்பெற்ற அகீதா நூல், அறிவுக்கான காரணங்களை மூன்றாக வகுக்கிறது: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. கொள்கையை விளக்க வந்த சிறு நூல், 'நாம் எப்படி அறிகிறோம்' என்பதிலிருந்து தொடங்குவது கவனிக்கத்தக்கது.

புலன்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என்று காட்டினார். அத்துடன் நிற்கவில்லை. பொருளின் அளவையும் தூரத்தையும் கண் மட்டும் தருவதில்லை. நாம் உணராத அளவு விரைவாக மனம் ஒப்பிட்டும் ஊகித்தும் தீர்மானிக்கிறது என்றார். 'என் கண்ணால் கண்டேன்' என்று நாம் அடித்துச் சொல்வதிலும் மனத்தின் தீர்ப்பு கலந்திருக்கிறது என்பது இதன் பொருள்.

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இக்கேள்வி இரு அணிகளை உருவாக்கியது. டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் ஆகியோர் உறுதியான அறிவுக்குப் பகுத்தறிவே மூலம் என்றார்கள். இதைப் பகுத்தறிவுவாதம் என்பர். தமிழகத்தில் கடவுள் மறுப்பைக் குறிக்க வழங்கும் அதே சொல்லின் பொருள் இங்கே வேறு. மேற்சொன்ன மூவரும் கடவுளைத் தம் தத்துவத்தின் நடுவிலேயே வைத்தவர்கள். எதிரணியில் அனுபவவாதிகள். பிறக்கும்போது மனம் எழுதப்படாத வெள்ளைத் தாள். அதில் எழுதுவது அனுபவமே என்றார் ஜான் லாக். அவருடைய பெருநூல் 1689-ன் இறுதியில் வெளிவந்தது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1671-ல், ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் அரபு நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சானது. 1185-ல் மறைந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய 'ஹய் இப்னு யக்ஸான்' அது. ஆளில்லாத தீவில் மானால் வளர்க்கப்படும் ஒரு குழந்தை, ஆசிரியரோ நூலோ மொழியோ இல்லாமல், கண்டும் சோதித்தும் சிந்தித்தும் படிப்படியாக உலகையும் இறைவனையும் அறிந்துகொள்ளும் கதை. துணையின்றி ஒரு மனம் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்ற கேள்வியை ஐரோப்பிய வாசகர்கள் அதில் சந்தித்தார்கள்.

அனுபவவாதத்தை அதன் எல்லைக்கே கொண்டுசென்றவர் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதை மட்டுமே நாம் பார்க்கிறோம். காரணம் காரியத்தைக் கட்டாயமாக விளைவிப்பதை யாரும் பார்த்ததில்லை என்றார். இதை ஒத்த வாதத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுத்து எழுதிய 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வில் முன்வைத்திருந்தார். நெருப்பு பஞ்சைத் தொட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம். தொடும்போது எரிகிறது என்பதே நாம் கண்டது. நெருப்புதான் எரிக்கிறது என்பதை நாம் காணவில்லை என்பது அவர் வாதம். ஹியூம் இதை மனத்தின் பழக்கம் என்றார். கஸ்ஸாலியோ இறைவனின் வழமை என்றார். காரண காரியத் தொடர்பை மறுத்தால் அறிவே இல்லாமல் போகும் என்று கொர்தோபாவின் இப்னு ருஷ்து கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதினார். ஜெர்மானிய அறிஞர் கான்ட், 1781-ல் வெளியிட்ட நூலில், இரு அணிகளையும் இணைக்க முயன்றார்: அறிவுக்கான சரக்கை அனுபவம் தருகிறது, இடம், காலம், காரணம் போன்ற அச்சுகளை மனம் தருகிறது. இரண்டும் சேராமல் அறிவு இல்லை என்பது அவருடைய முடிவு.

எல்லாவற்றையும் ஐயுற்றால்?

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த கஸ்ஸாலி, பக்தாதின் நிழாமிய்யா கல்லூரியில் உச்ச நிலையில் இருந்த பேராசிரியர். 1095-ல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். தம் அறிவுத் தேடலை 'அல்முன்கித் மினள் ளலால்' என்ற நூலில் அவர் விவரிக்கிறார்.

உறுதியான அறிவு என்றால் அதில் சந்தேகத்துக்குச் சிறிதும் இடம் இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல். பத்து என்பது மூன்றைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும். 'இல்லை, மூன்றே பெரியது. அதை நிரூபிக்க இந்தக் கோலைப் பாம்பாக்குகிறேன்' என்று ஒருவர் சொல்லி, அவ்வாறே செய்தும் காட்டினால், அவர் எப்படிச் செய்தார் என்று வியப்பேனே தவிர, பத்தைப் பற்றி ஐயுற மாட்டேன் என்கிறார்.

இந்த அளவுகோலால் புலன்களைச் சோதித்தார். நிழல் அசையாமல் நிற்பது போலத் தெரிகிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு தீனார் நாணயத்தளவே தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரியது என்கிறது. சரி, புலன்களின் பிழையை அறிவு திருத்துகிறது. ஆனால் அறிவின் பிழையைத் திருத்த அதற்கும் மேலான நீதிபதி இருக்கலாமே? கனவில் இருக்கும்வரை கனவு உண்மையாகத்தானே தோன்றுகிறது? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்த ஐயத்திலேயே கழிந்ததாகவும், வாதங்களால் அன்றி இறைவன் உள்ளத்தில் இட்ட ஒளியாலேயே அடிப்படை உண்மைகள் மீதான உறுதி மீண்டதாகவும் அவர் எழுதுகிறார்.

1641-ல் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் இதை ஒத்த பாதையில் நடந்தார். புலன்களை ஐயுற்றார், கனவை எடுத்துக்காட்டினார், தம்மை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஆற்றல் மிக்க தீய சக்தி ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். அப்போதும் 'ஏமாற்றப்படுகிற நான் இருக்கிறேன்' என்பது மிஞ்சும். அந்த ஒன்றிலிருந்து மற்றெல்லாவற்றையும் மீண்டும் கட்ட முயன்றார். டெகார்ட் கஸ்ஸாலியைப் படித்திருந்தாரா என்ற விவாதம் தனியானது. இருவரும் ஐயத்தைக் கருவியாகவே கையாண்டார்கள், அதில் குடியேறவில்லை என்பது இங்கு முக்கியம்.

இன்று இது சார்ந்து மூன்று கோட்பாடுகள் பேசப்படுகின்றன. அடித்தளவாதம், அறிவு என்பது ஐயத்துக்கு இடமற்ற அடித்தளத்தின் மீது எழுப்பிய கட்டடம் என்கிறது. இசைவுவாதம், நம்பிக்கைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, பாயின் கோரைகளைப் போல என்கிறது. ஆல்வின் கோல்ட்மன் 1979-ல் விரிவாக முன்வைத்த மூன்றாவது கோட்பாடு, நம்பிக்கை உருவான வழியைப் பார்க்கச் சொல்கிறது: பெரும்பாலும் உண்மையையே தரும் வழியில் உருவான நம்பிக்கையே ஏற்கத்தக்கது.

பிறர் சொல்லை நம்பலாமா?

நமக்குத் தெரிந்தவற்றில் நாமே கண்டறிந்தவை மிகக் குறைவு. நாம் பிறந்த தேதிகூடப் பிறர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அப்படியிருக்க, பிறர் சொல்லை ஏற்பதற்கு அடிப்படை எது?

ஹியூமின் விடை கறாரானது. சாட்சிகள் பொதுவாக உண்மை சொல்கிறார்கள் என்பது நம் அனுபவம். அந்த அனுபவம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே நம்ப வேண்டும். அவர் காலத்தவரான தாமஸ் ரீட் 1764-ல் இதற்கு மாறான கருத்தைச் சொன்னார். உண்மை பேசும் இயல்பும் பிறர் சொல்லை நம்பும் இயல்பும் மனிதரிடம் படைப்பிலேயே வைக்கப்பட்டவை. குழந்தை முதலில் நம்புகிறது; பிறகே ஐயுறக் கற்கிறது. நம்பாமல் தொடங்கும் குழந்தை மொழியைக்கூடக் கற்க முடியாது.

இவ்விரு விடைகளுக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஹதீஸ் கலை அறிஞர்கள் இக்கேள்வியைச் செயல்முறையாகவே வளர்த்திருந்தார்கள். ஒரு செய்தியை, அது கடந்து வந்த அறிவிப்பாளர்களின் சங்கிலியோடு சேர்த்தே பதிவு செய்தார்கள். 1245-ல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் தொகுத்துத் தந்த வரையறைப்படி, ஒரு நபிமொழி 'ஸஹீஹ்' ஆவதற்கு ஐந்து நிபந்தனைகள்: சங்கிலி அறுபடாமல் இருத்தல், ஒவ்வோர் அறிவிப்பாளரும் நேர்மையாளராக இருத்தல், அவருடைய நினைவும் பதிவும் துல்லியமாக இருத்தல், அதைவிட வலுவான அறிவிப்புக்கு முரண்படாதிருத்தல், மறைவான குறை இல்லாதிருத்தல்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே சோதிக்கப்பட்டன. ஒருவர் மிகவும் நல்லவர், பொய்யே சொல்லாதவர் என்பதற்காக அவருடைய அறிவிப்பு ஏற்கப்படவில்லை. நல்லவருக்கும் மறதி வரும். எல்லாச் செய்திக்கும் ஒரே எடை தரவும் இல்லை. கூடிப் பேசிப் பொய் சொல்வது இயலாத அளவுக்குப் பலர் ஒவ்வொரு தலைமுறையிலும் அறிவித்த 'முதவாதிர்' செய்தி உறுதியான அறிவைத் தரும். அந்த அளவை எட்டாத 'ஆஹாத்' செய்தி வலுவான சாத்தியத்தையே தரும் என்று பெரும்பாலான அறிஞர்கள் பிரித்தார்கள். நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியை ஆராயாமல் ஏற்று, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாம் என்று குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் எச்சரிப்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

அறிகின்ற மனம் எது?

சாட்சியைச் சோதிக்கும்போது, அவருடைய நினைவையும் நோக்கத்தையும் சோதிக்கிறோம். அதாவது ஒரு மனத்தைச் சோதிக்கிறோம். அந்த மனம் என்பது என்ன?

புகாரா அருகே 980-ல் பிறந்த இப்னு ஸீனா ஒரு கற்பனைச் சோதனையைத் தந்தார். ஒரு மனிதர் முழு வளர்ச்சியோடு ஒரே நொடியில் படைக்கப்பட்டு வெட்டவெளியில் மிதக்கிறார். கண்கள் மூடப்பட்டுள்ளன. கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. காற்றின் உரசல்கூட உடலில் படவில்லை. தமக்கு உடல் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்பதை அவர் அறிவார். ஆகவே, அந்த 'நான்' உடல் அல்ல என்பது இப்னு ஸீனாவின் கருத்து. விலங்குகளின் அறிவையும் அவர் ஆராய்ந்தார். ஓநாயைக் காணும் ஆடு அதன் நிறத்தையும் வடிவத்தையும் கண்ணால் காண்கிறது. ஆனால் பகைமைக்கு நிறமும் வடிவமும் இல்லையே, அதை எதனால் உணர்கிறது? அதற்கெனத் தனி உள்புலன் உண்டு என்றார்.

மனமும் உடலும் வெவ்வேறு பொருள்கள் என்ற இருமைவாதத்தை டெகார்ட் மேலும் கூர்மையாக்கினார். அதன் முக்கியச் சிக்கலைச் சுட்டிக்காட்டியவர் ஓர் அரச குடும்பத்துப் பெண்மணி. பொஹீமியாவின் எலிசபெத், 1643-ல் டெகார்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார்: பருப்பொருள் அல்லாத ஆன்மா, பருப்பொருளான உடலை எப்படி அசைக்க முடியும்? தொடாமல் தள்ளுவது எப்படி? டெகார்ட் தந்த விடைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் இக்கேள்வியை இன்னும் கடினமாக்கியது. 1848 செப்டம்பரில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் பணியில் இருந்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கம்பி, மூளையின் முன்பகுதியைத் துளைத்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்துக்கொண்டார்; நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்பான மேற்பார்வையாளர் என்று பெயர் பெற்றிருந்தவர் நிதானம் இழந்த வேறொருவராக மாறிவிட்டார் என்று மருத்துவர் பதிவு செய்தார். மூளைக்கும் குணத்துக்கும் உள்ள நெருக்கத்தை இனி மறுக்க முடியாது என்றாயிற்று.

20-ஆம் நூற்றாண்டில் மனத்தை ஆன்மா என்ற சொல் இல்லாமலே விளக்கும் கோட்பாடுகள் எழுந்தன. கில்பர்ட் ரைல் 1949-ல், மனம் என்பது உடலுக்குள் ஒளிந்திருக்கும் தனிப்பொருள் அன்று என்றார். ஒருவர் நடந்துகொள்ளும் விதங்களையும் நடந்துகொள்ளக் கூடிய விதங்களையுமே மனம் என்கிறோம். 1950-களில் பிளேஸ், ஸ்மார்ட் ஆகியோர், மின்னல் என்பது மின்சாரப் பாய்ச்சலே என்பது போல, வலி போன்ற உணர்வுகளும் மூளையின் நிகழ்வுகளே என்றார்கள். 1960-களில் ஹிலரி புட்னம் முன்வைத்த செயற்பாட்டுவாதம், மனம் எதனால் ஆனது என்று கேட்காதே, அது என்ன வேலை செய்கிறது என்று கேள் என்றது. கடிகாரம் பித்தளையாலும் ஆகலாம், நெகிழியாலும் ஆகலாம். நேரம் காட்டினால் அது கடிகாரம்.

இவற்றுக்கு எதிர்ப்பும் வந்தது. வௌவாலின் உடலமைப்பை முழுமையாக ஆராய்ந்தாலும், ஒலியலையால் வழிகண்டு பறக்கும் வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியுமா என்று 1974-ல் தாமஸ் நேகல் கேட்டார். கருப்பு வெள்ளை அறையிலேயே வாழ்ந்து, நிறத்தைப் பற்றிய அறிவியலை எல்லாம் கற்றுத் தேர்ந்த ஒரு பெண், வெளியே வந்து முதன்முறையாகச் சிவப்பைக் காணும்போது புதிதாக ஒன்றை அறிவாள் அல்லவா என்று 1982-ல் ஃபிராங்க் ஜாக்சன் கேட்டார். அப்படியானால் அறிவியல் விவரங்களில் அடங்காத ஒன்று உணர்வில் இருக்கிறது. பிற்காலத்தில் ஜாக்சனே தம் முடிவை மாற்றிக்கொண்டார். அவர் எழுப்பிய கேள்வி மட்டும் இன்றும் ஓயவில்லை.

இயந்திரம் சாட்சி சொல்லலாமா?

மனம் என்பது செய்யும் வேலைதான் என்றால், இயந்திரத்துக்கும் மனம் இருக்க முடியுமே! ஆலன் டூரிங் 1950-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையை முன்மொழிந்தார். எழுத்து மூலம் உரையாடும்போது, எதிரே இருப்பது மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிய முடியாவிட்டால், அது சிந்திக்கிறது என்பதை ஏன் மறுக்க வேண்டும்?

ஜான் செர்ல் 1980-ல் மறுத்தார். சீன மொழி அறியாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார். வெளியிலிருந்து சீன எழுத்தில் கேள்விகள் வருகின்றன. 'இந்த வடிவம் வந்தால் அந்த வடிவத்தைத் திருப்பிக் கொடு' என்று சொல்லும் விதிநூல் அவரிடம் உள்ளது. வெளியே இருப்பவர்கள் உள்ளே சீனமொழி வல்லுநர் இருப்பதாக எண்ணுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கோ ஒரு சொல்லின் பொருளும் தெரியாது. குறியீடுகளைக் கையாள்வது வேறு, புரிந்துகொள்வது வேறு. அந்த மனிதருக்குப் புரியாவிட்டாலும் அறை, விதிநூல், மனிதர் எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குப் புரிகிறது என்று சிலர் பதில் சொன்னார்கள். விவாதம் தொடர்கிறது.

இன்று இது கற்பனை அல்ல. கேட்டதும் தமிழிலேயே பதில் எழுதித் தரும் மென்பொருள்கள் மாணவர் கையிலும் வந்துவிட்டன. ஏராளமான எழுத்துகளில் பயிற்றுவிக்கப்பட்டு, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதுபவை அவை. பெரும்பாலும் பயன்படுகின்றன, சில நேரங்களில் இல்லாத நூலையும் நடக்காத நிகழ்ச்சியையும் அதே உறுதியான நடையில் தருகின்றன. அவற்றின் நடையில் 'ஆம்' இல்லை; கண்டதா, கேட்டதா, ஊகித்ததா என்ற வேறுபாடு அதில் தெரிவதில்லை.

அறிவு பற்றிய கோட்பாடும் மனம் பற்றிய கோட்பாடும் சந்திக்கும் இடம் இதுதான். சாட்சியின் நினைவாற்றலைச் சோதிப்பது போல, இயந்திரம் எத்தனை முறை சரியாகச் சொல்கிறது என்று சோதிக்கலாம். ஆனால் ஹதீஸ் கலை கேட்ட மற்றொரு கேள்வி, நேர்மை பற்றியது. சொன்னதற்குப் பொறுப்பேற்கவும், தவறினால் வெட்கப்படவும், கேட்டால் விடை சொல்லவும் ஒருவர் இருக்கும் இடத்தில்தான் அக்கேள்விக்குப் பொருள் உண்டு. இயந்திரம் சொன்னதை நாம் பிறருக்குச் சொல்லும்போது, அந்தச் சங்கிலியில் பொறுப்பேற்கும் முதல் ஆள் நாமே.

ஆகவே ஒரு செய்தியை அனுப்பும் முன் நான்கு கேள்விகள் போதும். இதை நான் கண்டேனா, கேட்டேனா, ஊகித்தேனா? கேட்டது என்றால் யாரிடம், அவர் யாரிடம்? அவர் நேர்மையானவர் என்பதோடு, இந்த விஷயத்தைத் துல்லியமாக அறியும் நிலையிலும் இருந்தாரா? இது பொய் என்று நாளை தெரிந்தால் பாதிக்கப்பட்டிருப்பவர் யார்?

விடை கிடைக்காவிட்டால் அதைச் சொல்வதில் இழுக்கில்லை. மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்), தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்கு 'எனக்குத் தெரியாது' என்றே பதிலளித்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொலைதூரத்திலிருந்து பயணம் செய்து வந்தவர்களிடமும் அவர் அப்படிச் சொல்லத் தயங்கவில்லை. அவர் 'தெரியும்' என்று சொன்னவற்றுக்கு மதிப்பு இருந்ததும் அதனால்தான்.